முப்பது கிலோவுக்குக் குறையாமல்

தப்பு என்னுடையதுதான். என் நாத்தனார் நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிப்பதற்குள் நானே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். மகளுடைய ஜாக்கெட்டின் கீழ் மடிப்பில் இரண்டு கிலோ ஈயக் குண்டை வைத்துத் தைத்தவள் நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சனிக்கிழமை மதியம், வீட்டில் ஆளில்லாத நேரம் பார்த்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தைத்தேன்.

நான் ஜன்னல் திரைச்சீலை தைக்கிறவள். நல்ல திரைச்சீலையின் கீழ் மடிப்பில் பட்டாணி அளவு ஈயக் குண்டுகளை வரிசையாக வைத்துத் தைப்போம். அப்போதுதான் காற்றடித்தாலும் துணி ஆடாமல், சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு நேராகத் தொங்கும். என் தையல் மேசைக்கு அடியில் அது ஒரு டப்பா நிறைய எப்போதும் கிடக்கும். கையில் இருப்பதை வைத்துத்தானே மனுஷி தப்புச் செய்ய முடியும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வீட்டுக்காரருக்கு வேலையே எடை போடுவதுதான். லாரிகள் ஏறி நிற்கிற எடை மேடையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். லாரிக்காரர்களின் தில்லுமுல்லு அத்தனையும் அவருக்கு அத்துப்படி. எடை கூட்டிக் காட்டத் தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு நிறுத்துவார்கள். ஆள் உள்ளே படுத்துக்கொண்டு, "யாருமே இல்ல சார்" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பான். இவர் ஒவ்வொருவரையும் கையும் களவுமாகப் பிடித்து, திருப்பி அனுப்பிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொல்வார். அப்படிப்பட்ட மனுஷன் வீட்டில்தான் நான் இந்த வேலை பார்த்தேன்.

எங்கள் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். பிறந்தபோது ஒன்றேகால் கிலோ. டாக்டர் அதைச் சொன்ன அன்றைக்கு இவர் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். மூன்றாம் நாள் அவரே அவளுக்கு 'ஒன்னேகால்' என்று பேர் வைத்துவிட்டார். இன்றைக்கும் வீட்டில் அதுதான் பேர். பதினோரு வயசாகிறது, பள்ளிக்கூடத்துத் தோழிகள் வந்திருக்கும்போது அப்படிக் கூப்பிட்டால் முறைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளை வீட்டுத் தராசில் ஏற்றி, அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைப்பார். கடைசியாக எழுதியது இருபத்தெட்டு கிலோ முந்நூறு கிராம்.

அவளை நாற்பத்தேழு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும், அதில் கையை விட்டு ஒரு விரலால் தொடலாம், அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குப் பிடித்தவள்தான், இன்னும் விடவில்லை. தெருவைக் கடக்கும்போது அவள் கையைப் பிடிக்க மாட்டேன், மணிக்கட்டைப் பிடிப்பேன். கை என்றால் உருவிக்கொள்ளலாம் பாருங்கள். அவள் என் தோள் உயரம் வளர்ந்த பிறகும் அப்படித்தான். எனக்கு இதில் வெட்கமெல்லாம் கிடையாது.

மலைக்குப் போகலாம் என்று கிளப்பிவிட்டவள் நாத்தனார். பள்ளி வேன் ஓட்டுகிறவள், காலையும் மாலையும் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். பயம் என்பது கடையில் விற்கிற சாமானா என்று கேட்பாள். மலை உச்சியிலிருந்து எதிர் மலைக்குக் கம்பி கட்டி, அதில் ஆளைத் தொங்கவிட்டு அனுப்புகிற ஜிப்லைன் பூங்கா ஒன்று இருக்கிறது என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் படத்தை எடுத்து நீட்டினாள்.

மகள் படத்தைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "அங்க யாரும் பிடிச்சுக்க மாட்டாங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"பெல்ட் போட்டு மாட்டிவிடுவாங்க. அதுக்கப்புறம் நீ, கம்பி, காத்து. அவ்வளவுதான்" என்றாள் நாத்தனார்.

"அதெல்லாம் பிடிச்சுப்பாங்க, நீ பயப்படாதே" என்றேன் நான்.

மறுநாளிலிருந்து மகள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கு விஷயம் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பூங்காவின் விதிப்படி முப்பது கிலோவுக்குக் குறைந்தவர்களை ஏற்ற மாட்டார்கள். எங்கள் பிள்ளை எதையும் கேட்டு அடம்பிடிக்கிற ரகமில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், இல்லையென்றால் விட்டுவிடுவாள். அப்படிப்பட்டவள் மூன்று வாரமாகப் பால் டம்ளரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, ஒவ்வொரு ஞாயிறும் தராசில் ஏறி நின்று, முள் நிற்கும் வரை மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள். மூன்று வாரத்தில் ஏறியது இருநூறு கிராம். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை மதியம் கதவைத் தாழ் போட்டேன். போதுமா?

ஞாயிறு காலையில் நாத்தனார் பள்ளி வேனையே கொண்டுவந்து நிறுத்தினாள். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற இருக்கை. என் வீட்டுக்காரர் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து மகளுக்கு ஊட்டிவிட ஆரம்பித்தார். இரண்டு வாழைப்பழம், அவித்த முட்டை, ரொட்டி. ஒவ்வொரு வாய்க்கும் நடுவே தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, "இன்னும் கொஞ்சம் குடிடா கண்ணு, மலை ஏறும்போது தொண்டை வறளும்" என்றார்.

"என்னங்க, பிள்ளையைக் குடம் மாதிரி ரொப்புறீங்க?" என்றேன்.

"நீ உன் வேலையப் பாரு" என்றார். இந்த மனுஷனுக்குத் திடீரென்று என்ன பாசம் பொங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை. நாத்தனார் கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். "அண்ணே, வழியில எங்கயும் நிறுத்த மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

அடிவாரத்தில் சீட்டுக் கொடுக்கிற இடத்திலேயே ஒரு தராசு. ஏறி நின்றால், வருகிற எடையைக் கறுப்பு மை பேனாவால் புறங்கையில் எழுதிவிடுகிறார்கள். மேலே பெல்ட் மாட்டுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம். நாத்தனார் எண்பத்தெட்டு. "கொஞ்சம் சின்னதா எழுதுங்க தம்பி" என்றாள். நான் ஏறவே இல்லை. கம்பியில் தொங்குகிற உத்தேசம் எனக்கு இல்லை, என் எடை என்னோடு போகட்டும்.

மகள் ஜாக்கெட்டோடு ஏறி நின்றாள். முப்பத்திரண்டு கிலோ நானூறு.

அவள் எண்ணைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், திரும்ப எண்ணைப் பார்த்தாள். சீட்டுக்காரர் புறங்கையில் முப்பத்திரண்டு என்று எழுதியதும், மை அழிந்துவிடுமோ என்று அந்தக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, முப்பத்திரெண்டும்மா. ஒரு வாரத்துல நாலு கிலோ" என்றாள். அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. அடுத்த நிமிஷமே கால்களைப் பின்னிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினாள்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. என் கணக்குப்படி முப்பதரை, மிஞ்சிப் போனால் முப்பத்தொன்றுதான் வந்திருக்க வேண்டும். மீதி எங்கிருந்து வந்தது? வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைவிட மோசமாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். "இந்தத் தராசு எப்போ சரிபார்த்தது?" என்று சீட்டுக்காரரிடம் கேட்டார். அவர் முத்திரை ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினார். இவர் குனிந்து தேதியைப் படித்தார், தானே ஏறி நின்றார். வீட்டில் காட்டுகிற அதே தொண்ணூற்றாறு. தலையைச் சொறிந்துகொண்டே இறங்கினார். நான் மலையின் அழகை ரசிக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஜீப்பில் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க மகள் புறங்கையை ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

உச்சியில் ஒரு மரமேடை. அதன் விளிம்பில் தரை முடிந்துவிடுகிறது. கட்டை விரல் தடிமனில் ஒரு கம்பி அங்கிருந்து கிளம்பி, பள்ளத்தாக்கைத் தாண்டி, எதிர் மலையில் தீப்பெட்டி அளவு தெரிகிற இன்னொரு மேடைக்குப் போகிறது. நானூறு மீட்டராம். கீழே மரங்களின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. நான் மேடை நடுவில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பெல்ட் மாட்டுகிறவள் வெயிலில் கறுத்த, ஒல்லியான பெண். கழுத்தில் விசில், இடுப்பில் வாக்கி-டாக்கி. முதலில் நாத்தனாரை அனுப்பினாள். அவள், "அண்ணி, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா வேனை நீங்கதான் ஓட்டணும்" என்று சொல்லிவிட்டு, பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி போய் அந்தப் பக்கம் சேர்ந்தாள். அவள் போட்ட கூச்சல் மலை இரண்டிலும் முட்டித் திரும்பி வந்தது.

அடுத்து மகள். பெல்ட் பெண் அவள் புறங்கையைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள், திரும்பப் புறங்கையைப் பார்த்தாள். "ஜாக்கெட்டைக் கழட்டிடும்மா. தொளதொளன்னு இருக்கு, பெல்ட் வழுக்கும்" என்றாள்.

"வேணாம், குளிருது. அவளுக்குக் குளிர் ஆகாது" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"எனக்கு வேர்க்குதும்மா" என்று சொல்லி மகள் கழற்றிவிட்டாள். கழற்றிய வேகத்தில் ஜாக்கெட்டின் ஓரம் சுழன்று தூணில் மோதி, 'டொக்' என்று ஒரு சத்தம். துணி எங்கேயாவது அப்படிச் சத்தம் போடுமா?

பெல்ட் பெண் ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தாள். "என்னக்கா இது? உள்ள கல்லா வச்சிருக்கீங்க?"

வீட்டுக்காரர் வந்து கீழ் மடிப்பை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார். பதினைந்து வருஷமாக என் மேசைக்கு அடியில் அந்த டப்பாவைப் பார்க்கிறவருக்கு இரண்டாவது குண்டு வரை போகத் தேவையில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு?" என்றார்.

"ரெண்டு கிலோ."

"எத்தனை லாரியத் திருப்பி அனுப்பியிருக்கேன்" என்று ஆரம்பித்தார். அப்புறம் அவர் முகம் வேறு மாதிரி ஆனது. பெல்ட் பெண்ணின் பக்கம் திரும்பி, "இன்னொண்ணும் இருக்கும்மா. ஒன்றரை லிட்டர் தண்ணி குடிக்க வச்சேன். நான்தான். வண்டியில வரும்போது" என்றார்.

இதுதான் விஷயம். பாசமாம், தொண்டை வறட்சியாம்.

"தண்ணி அவ வயித்துலதானே இருக்கு? அது அவ எடைதான். அது ஒண்ணும் ஏமாத்து இல்ல" என்று என்னிடம் திரும்பி நியாயம் பேசினார்.

"லாரிக்காரன் டிரம்மும் லாரியிலதான் இருக்கு" என்றேன்.

பெல்ட் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் தன் புறங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ முப்பத்திரெண்டு இல்லையா?" என்றாள்.

பெல்ட் பெண்ணிடம் ஒரு தொங்கு தராசு இருந்தது. பெல்ட்டோடு அவளை அதில் மாட்டித் தூக்கினாள். அரை நிமிஷம் என் பிள்ளை தரையில் கால் படாமல் ஆடினாள். இருபத்தொன்பது கிலோ, சொச்சம் நூறு கிராம். புறங்கையில் இருந்த எண்ணை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் இருபத்தொன்பது என்று எழுதினாள்.

பிள்ளை அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அழவில்லை. "நான் இருபத்தொம்போதா இருந்தா உங்களுக்கு என்னம்மா?" என்று கேட்டாள். "நானே ஏறிப் பாத்து, எடை பத்தலன்னா திரும்பி வந்திருப்பேன்ல. நாலு கிலோ ஏறிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சீட்டுக் குடுக்கறவர்கிட்டகூடச் சொன்னேன்."

நான் பூங்காக்காரர்களை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏமாந்தது இவள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கம்பியைப் பார்த்தார். "தப்பும்மா. அம்மா செஞ்சது தப்பு" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது எவ்வளவு அபூர்வம் என்று அவளுக்கும் தெரியும். "அப்பா செஞ்சதும்தான்" என்றாள்.

பெல்ட் பெண் அவள் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தாள். பாப்பா, குட்டி என்றெல்லாம் கொஞ்சவில்லை. பெரியவர்களிடம் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"முப்பதுன்னு ஏன் போட்டிருக்கோம் தெரியுமா? கம்பி அறுந்துடும்னு இல்ல. இது ஒரு லாரியைத் தொங்கவிட்டாலும் தாங்கும். இருபத்தஞ்சு இருந்தாலே பெல்ட் சரியா உட்காரும். ஆனா எடை குறைஞ்சவங்களுக்கு வேகம் பத்தாது. அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே நின்னுடுவாங்க. அப்புறம் அங்க இருக்கற ஆள் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே வந்து இழுத்துட்டுப் போகணும். கூட்ட நாள்ல எங்களுக்கு அதுக்கு ஆள் கிடையாது. அதான் முப்பது." சுற்றிலும் பார்த்தாள். "இன்னைக்குக் கூட்டமும் இல்ல, காத்தும் இல்ல. அம்மா அப்பா கையெழுத்துப் போட்டா அனுப்பலாம். ஒண்ணு, என்னோட சேர்த்துக் கட்டிக்கிட்டு நாம ரெண்டு பேரும் போகலாம். என் எடையும் சேர்ந்தா நேராப் போய் இறங்கிடலாம். இல்லன்னா தனியாப் போகலாம். தனியாப் போனா நீ கண்டிப்பா நடுவுல நின்னுடுவ. ஆள் வர்ற வரைக்கும் தொங்கணும்."

"சேர்ந்தே போகட்டும்" என்றேன். அந்தப் பெண் பேசி முடிக்கக்கூட இல்லை.

"தனியா" என்றாள் மகள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "நடுவுல தொங்கப் போறியா? அந்தரத்துலயா? கீழ பாத்தியா, தலை சுத்துது. யாராவது இழுக்க வர்ற வரைக்கும் ஒண்டியா அங்க என்ன பண்ணுவ? எதுக்குடி இந்த வீம்பு? அவங்களோட சேர்ந்து போனாலும் அதே கம்பிதான், அதே மலைதான்" என்று பொரிந்து தள்ளினேன். அவள் நான் மூச்சு வாங்குகிற வரை காத்திருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு அத்தைகிட்ட ஒண்ணு கேட்டேன்ல, அங்க யாரும் பிடிச்சுக்க மாட்டாங்களான்னு. நீ, பிடிச்சுப்பாங்க பயப்படாதேன்னு சொன்ன" என்றாள். "நான் பயந்துபோய்க் கேக்கலம்மா. யாரும் பிடிச்சுக்கக் கூடாதேன்னு கேட்டேன். ஒரே ஒரு வாட்டி."

இவளைப் பெற்று, பதினோரு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, இவள் கண் சிமிட்டினால் காரணம் சொல்கிறவள் நான். அந்த ஒரு கேள்வியைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கியதும், பாலை மூக்கைப் பிடித்துக் குடித்ததும் என்னிடமிருந்து கொஞ்ச நேரம் விலகிப் போவதற்காக. வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

பெல்ட் பெண் தாளையும் பேனாவையும் நீட்டினாள். வீட்டுக்காரர் வாங்கி, கையெழுத்துப் போடாமல் என்னிடம் கொடுத்தார்.

"நீங்க போடுங்க. நீங்கதானே அப்பா" என்றேன்.

"நான் போட்டா அவ போயிடுவா. நீ போட்டாத்தான் சந்தோஷமாப் போவா" என்றார். இப்படியெல்லாம் எப்போதாவது ஒரு தரம் பேசுவார், அதற்காகத்தான் இந்த மனுஷனோடு காலம் தள்ளுகிறேன்.

போட்டேன். கோழி கிறுக்கிய மாதிரி இருந்தது, ஆனால் என் கையெழுத்துதான்.

ஹெல்மெட்டை மாட்டி, பட்டைகளை இழுத்துப் பார்த்து, கம்பியில் ஓடுகிற சக்கரத்தோடு கொக்கியை மாட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சோதித்தாள் அந்தப் பெண். வீட்டுக்காரர் கூடவே நின்று மூன்றாம் தரம் சோதித்தார். மகள் மேடை விளிம்புக்குப் போனாள். நானும் போயிருக்கிறேன். தூணை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது.

"அக்கா, கையை விடுங்க" என்றாள் பெல்ட் பெண்.

அப்போதுதான் பார்த்தேன், மகளின் மணிக்கட்டு என் கையில் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது. அவள் உருவிக்கொள்ளவில்லை, நான் எடுக்கும் வரை அசையாமல் நின்றாள். பிறகு விசில் ஒலித்தது, அவள் போய்விட்டாள்.

சத்தமே போடவில்லை அவள். சக்கரம் கம்பியில் உரசுகிற ஓசை மட்டும் கேட்டது. முதலில் வேகமாகப் போனாள். பாதி தாண்டியதும் குறைந்தது. முக்கால் தூரத்துக்கு மேல் ஊர்ந்தாள். எதிர் மேடைக்கு முப்பது நாற்பது மீட்டர் இருக்கும்போது நின்று, லேசாகப் பின்னால் நகர்ந்து, அப்படியே தொங்கினாள். கீழே ஒன்றுமில்லை, மேலே கம்பி. அத்தனை பெரிய பள்ளத்தாக்கில் அவள் ஒரு பொட்டு அளவுதான் இருந்தாள். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார், எனக்கு ஆறுதலுக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

"சொன்னேன்ல, நின்னுடுவான்னு. ஒண்ணும் இல்லக்கா. அங்கேருந்து ஆள் கிளம்பியாச்சு" என்றாள் பெல்ட் பெண்.

எதிர் மேடையிலிருந்து ஒரு ஆள் கம்பியில் தொங்கியபடி, கை மாற்றிக் கை மாற்றி அவளை நோக்கி வருவது தெரிந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். அவர் அவளுக்குப் பக்கத்தில் வந்தார். ஏதோ பேசினார்கள். அவர் அவளை இழுக்கவில்லை. என்ன ஆயிற்று, கொக்கி சிக்கிக்கொண்டதா, பிள்ளை மயங்கிவிட்டாளா?

வாக்கி-டாக்கி கரகரத்தது. "பாப்பா நல்லா இருக்கு. ஆனா இப்பவே வேணாங்குது. இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கட்டுமான்னு கேக்குது. நான் என்ன பண்ண?"

"பின்னாடி யாரும் இல்ல. நீ என்ன சொல்ற?" என்று பெல்ட் பெண் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, நான் பக்கத்துல இருக்கேன். அவங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்லச் சொல்லுது."

பெல்ட் பெண் வாக்கி-டாக்கியை என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்கக்கா. இதை அமுக்கிட்டுப் பேசணும்."

பத்து பேரோடு மல்லுக்கு நின்றாலும் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததில்லை. அந்தக் கறுப்புப் பெட்டியைக் கையில் வாங்கியபோது ஒரு சொல்கூட வரவில்லை. இழுத்துட்டு வாங்க என்று சொன்னால் இரண்டு நிமிஷத்தில் அவள் அந்த மேடையில், நாத்தனார் கையில். எனக்கும் மூச்சு வரும். அமுக்கினேன்.

"அவளுக்கு எப்போ வரணும்னு தோணுதோ, அப்போ வரட்டும்" என்றேன். "அம்மா சொன்னேன்னு சொல்லுங்க."

அந்த ஆள் அவளிடம் சொன்னது தெரிந்தது. அவள் இந்தப் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு, முகத்துக்கு முன்னால் பட்டையைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு, அகல விரித்தாள். அந்த ஆள் கொஞ்சம் விலகிக்கொண்டார். காற்றே இல்லை. அவள் மெதுவாகப் பாதிச் சுற்று திரும்பினாள், மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள்.

"பயமா இருக்கா?" என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"உசுரே போகுது" என்றேன்.

"கூப்பிடச் சொல்லவா?"

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

ஆறு நிமிஷம் தொங்கினாள் என்று இவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறார், எடை விஷயத்தில் இல்லாவிட்டாலும் நேர விஷயத்தில் அவரை நம்பலாம். அந்த ஆறு நிமிஷமும் வாக்கி-டாக்கி என் கையில்தான் இருந்தது. கூப்பிடு, கூப்பிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவளாகத்தான் அந்த ஆளிடம் கையை நீட்டினாள், போகலாம் என்று.